இடம் பொருள் ஏவலுக்கு மார்க்: ஆங்கிலத் தேர்வில் பேச்சுப் பொருத்தத்தைச் சோதிப்பது எப்படி?

நர்சிங் முடித்துவிட்டு, வெளிநாட்டில் மருத்துவப் பணிக்குப் போகிறவர்கள் எழுதும் ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருவருக்கு, நோயாளியாக உட்கார்ந்து பயிற்சி கொடுத்தேன். பக்கத்தில் வந்து நின்றார், புன்னகைத்தார், “வாட் இஸ் யுவர் ப்ராப்ளம்?” என்றார். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை, உச்சரிப்பும் தெளிவு. “உங்களுக்கு என்ன பிரச்சினைம்மா?” என்று நம் ஊர் வார்டுகளில் அன்பாகக் கேட்கிற கேள்விதான் அது. அதே நான்கு சொற்கள் இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ ஒருவர் காதில் விழுந்தால், “உனக்கு இப்போ என்னதான் பிரச்சினை?” என்று சண்டைக்கு நிற்பதுபோல் ஒலிக்கக்கூடும். அந்தப் பெண்ணின் குரலில் இருந்த கனிவு அவ்வளவும் அந்த ஒரு வாக்கியத்தில் வீணாகிவிடும்.

ஜென்னி தாமஸ் என்ற மொழியியலாளர் 1983இல் எழுதிய கட்டுரையில் இந்த ஆபத்தைத் தெளிவாக எடுத்துச் சொன்னார். இலக்கணம் தப்பினால், ‘இவருக்கு ஆங்கிலம் இன்னும் சரியாக வரவில்லை’ என்று கேட்பவர் பொறுத்துக்கொள்வார். இலக்கணம் சுத்தமாக இருந்து பொருத்தம் மட்டும் தப்பினால், மொழியின் மேல் சந்தேகம் வராது; ‘இந்த ஆளுக்கு மரியாதை தெரியாது’ என்று குணத்தின் மேல் பழி விழும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் இந்த அடி பலமாக விழுகிறது. எனவே இதற்கும் மார்க் வேண்டும் என்று சொல்கிறேன். மார்க் இல்லாத எதையும் நம் வகுப்பறைகள் பாடமாக மதிப்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

பிராக்மேட்டிக்ஸ் என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். “இடம் பொருள் ஏவல் பார்த்துப் பேசு” என்று வீட்டில் சொல்வார்களே, அந்தத் திறனைத்தான் இந்தப் பெயரால் அழைக்கிறார்கள். இதுவரை ஆங்கிலத்தில் இலக்கணமும் கட்டுரையும் மட்டும் கேட்டுப் பழகிய ஆசிரியர், தன் வகுப்புக்கு முதன்முறையாக இப்படி ஒரு சிறு தேர்வு தயாரிக்க என்னென்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். கணினி மென்பொருளோ புள்ளியியல் படிப்போ தேவையில்லை. உடன் திருத்த ஒரு சக ஆசிரியர் கிடைத்தால் போதும்.

முதலில், எதைச் சோதிக்கிறோம் என்று முடிவு செய்யுங்கள்

இந்தத் திறன் பரந்தது. ஒரே தேர்வில் எல்லாவற்றையும் அளக்க முயன்றால் எதையுமே அளக்க முடியாது. தேர்வு எழுதும் வசதிக்காக மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். கேட்பது, மறுப்பது, மன்னிப்புக் கோருவது, புகார் சொல்வது போன்ற பேச்சுச் செயல்கள் ஒன்று. சொல்லாமல் சொல்வதைப் புரிந்துகொள்வது இன்னொன்று. போனை எடுத்ததும் என்ன சொல்வது, யாராவது நன்றி சொன்னால் பதிலுக்கு என்ன சொல்வது போன்ற வாடிக்கைத் தொடர்கள் மூன்றாவது. முதல் தேர்வுக்குப் பேச்சுச் செயல்களில் ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கேட்பதும் மறுப்பதும் என்று தொடங்குவது நல்லது, ஏனென்றால் வேலைக்குப் போனதும் தினமும் தேவைப்படுவது இந்த இரண்டும்தான்.

அடுத்து, பொருத்தம் எங்கே தப்புகிறது என்பதில் தாமஸ் காட்டிய வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வித்தாளிலிருந்து மார்க் வரை எல்லாமே இதன்மேல்தான் நிற்கிறது. ஒரு மாணவருக்குச் சூழல் சரியாகப் புரிந்திருக்கும். எதிரில் இருப்பவர் மேலதிகாரி, பணிவாகக் கேட்க வேண்டும் என்று தெரியும். ஆனால் அந்தப் பணிவைக் காட்டும் ஆங்கில வடிவம் தெரியாது. இது மொழிக்குறை, கற்றுக்கொடுத்தால் தீரும். இன்னொரு மாணவருக்கு வடிவங்களெல்லாம் தெரியும். ஆனால் அந்த இடத்தில் பணிவு தேவை என்றே தோன்றியிருக்காது, அல்லது நாம் எதிர்பார்ப்பதைவிட மிக அதிகமாகப் பணிவார். இது அவர் வளர்ந்த வீடும் ஊரும் கொடுத்த மதிப்பீடு. இதற்குக் கண்ணை மூடிக்கொண்டு மார்க் குறைப்பது, ஒருவரின் வளர்ப்புக்கு மார்க் குறைப்பதாகிவிடும். புதிதாகத் தேர்வு தயாரிப்பவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சூழல்களை மாணவர்களிடமிருந்தே வாங்குங்கள்

ஆய்வுக் கட்டுரைகளில் வரும் சூழல்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். பேராசிரியரின் காரை இரவல் கேட்பது, அறைத்தோழரைப் பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொல்வது என்று இருக்கும். நம் மாணவர் வாழ்க்கையில் நடக்காத ஒன்றைக் கொடுத்தால், அவர் கற்பனைத் திறனைத்தான் சோதித்திருப்போம்.

ஒரு வகுப்பில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுங்கள். “கடந்த ஒரு மாதத்தில் ஆங்கிலத்தில் ஏதாவது கேட்கவோ மறுக்கவோ வேண்டியிருந்ததா? யாரிடம், எதற்கு?” என்று தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். இன்டர்ன்ஷிப்பில் மேற்பார்வையாளரிடம் சீக்கிரம் கிளம்ப அனுமதி கேட்டது, வெளிமாநிலச் சக ஊழியர் கேட்ட ஷிஃப்ட் மாற்றத்தை மறுத்தது, ஆன்லைன் நேர்காணலில் “மறுபடி சொல்லுங்கள்” என்று கேட்கத் தயங்கியது என்று உண்மையான சரக்கு வந்து சேரும். இவற்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரின் திறனைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அதிகாரம், நெருக்கம், சுமை

எடுத்த சூழல்களை மூன்று அளவுகளால் நிறுத்துப் பாருங்கள். கேட்கப்படுபவர் பேசுபவரைவிட அதிகாரத்தில் மேலா, சமமா, கீழா? இருவருக்கும் பழக்கம் உண்டா? கேட்கிற விஷயம் எவ்வளவு பெரிய சுமை? பேனா கேட்பதும் விடுமுறை நாளில் வந்து உதவச் சொல்வதும் ஒன்றல்ல.

இந்த மூன்று அளவுகளும் பெனிலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் முன்வைத்த பணிவுக் கோட்பாட்டிலிருந்து வந்தவை. அவர்கள் முக்கியமாக ஒப்பிட்ட மூன்று மொழிகளில் ஒன்று தமிழ். ஆங்கிலத்தோடும் மெக்சிகோவின் மாயன் மொழிகளில் ஒன்றான ட்செல்டாலோடும் சேர்த்து, கோயம்புத்தூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் பதிவான பேச்சுத் தமிழை எடுத்துக்கொண்டார்கள். பேச்சுப் பொருத்தத்தைச் சோதிக்கும் தேர்வுகளில் பயன்படும் இந்த அளவுகோல் உருவானதில் நம் ஊர்ப் பேச்சுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கும்போது எனக்கு உள்ளபடியே பெருமையாக இருக்கிறது.

ஒவ்வொரு அளவையும் கூடுதல், குறைவு என்று இரண்டாக வைத்தால் மொத்தம் 8 சேர்க்கைகள் வரும். எட்டையும் நிரப்ப வேண்டியதில்லை. ஆனால் எல்லாச் சூழலும் ‘மேலதிகாரியிடம் பெரிய உதவி கேட்பது’ என்றே அமைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், எல்லா இடத்திலும் ஒரே பணிவான வாக்கியத்தை ஒப்பித்துவிட்டுப் போகிற மாணவர் முழு மார்க் வாங்கிவிடுவார். நண்பரிடம் பேனா கேட்கும்போதும் அதே நீட்டி முழக்கம் வருகிறதா என்று பார்த்தால்தான் அவருக்கு இடம் தெரிகிறதா என்பது தெரியும்.

சூழலை எழுதுவது: பாதி வேலை இங்கேதான்

சூழலைச் சில வரிகளில் எழுதி, ‘இங்கே நீங்கள் என்ன சொல்வீர்கள்?’ என்று கேட்கும் கேள்வி வகைக்கு டிஸ்கோர்ஸ் கம்ப்ளீஷன் டாஸ்க் என்று பெயர், சுருக்கமாக டி.சி.டி. 1980களில் ஷோஷானா ப்ளம்-குல்காவும் அவர் கூட்டாளிகளும் பல மொழிகளில் கேட்பதையும் மன்னிப்புக் கோருவதையும் ஒப்பிட்டதே இந்தக் கேள்வி வகையைக் கொண்டுதான். பார்க்க எளிதாகத் தெரியும். உட்கார்ந்து எழுதினால்தான் கஷ்டம் புரியும்.

முதல் முயற்சியில் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவோம்: “உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும். ஆசிரியரிடம் கேளுங்கள்.” இதில் என்ன இல்லை என்று பாருங்கள். எந்த ஆசிரியர்? உங்களுக்குப் பாடம் எடுத்தவரா? நேரிலா, மின்னஞ்சலிலா? எப்போதைக்கு வேண்டும்? விடை எழுதும் ஒவ்வொருவரும் மனதில் ஒவ்வொரு ஆசிரியரை வைத்துக்கொள்வார். பிடித்த ஆசிரியரை நினைத்தவர் சகஜமாக எழுதுவார், கண்டிப்பானவரை நினைத்தவர் நடுங்கி எழுதுவார். வெவ்வேறு கேள்விகளுக்கு எழுதிய விடைகளை ஒரே அளவுகோலால் திருத்துவது அநியாயம்.

திருத்திய வடிவம் இது: “முனைவர் மீனா போன ஆண்டு ஒரு பருவம் உங்களுக்குப் பாடம் எடுத்தார். பெயர் சொன்னால் அடையாளம் தெரிந்துகொள்வார், அதற்குமேல் பழக்கமில்லை. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க அவருடைய பரிந்துரைக் கடிதம் வேண்டும். கடைசி நாள் திங்கள்கிழமை. இன்று வெள்ளி மதியம். அவர் வகுப்பு முடித்து அறைக்குத் திரும்பும்போது வராந்தாவில் எதிரே வருகிறார். அவரிடம் என்ன சொல்வீர்கள்?” அதிகாரம், நெருக்கம், சுமை, இடம், நேரம் எல்லாம் வந்துவிட்டன. இதற்குமேல் நீட்டாதீர்கள், படித்து முடிப்பதே ஒரு தேர்வாகிவிடும். ‘பணிவாகக் கேளுங்கள்’ என்ற சொல் மட்டும் கேள்வியில் வரவே கூடாது. நாம் சோதிக்க வந்ததே அதைத்தான்.

சூழலைத் தமிழில் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். வாசிப்புத் திறனுக்கு வேறு தேர்வு இருக்கிறது. எல்லோருக்கும் தமிழ் தெரிந்த வகுப்பென்றால், சூழல் தமிழிலும் விடை ஆங்கிலத்திலும் இருப்பதே நியாயம் என்பது என் அனுபவம்.

ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஒரு சிறு கட்டம் வையுங்கள்: “இந்த இடத்தில் நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஏனென்றால்…” இந்தக் கட்டத்தின் அருமையை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். என் முதல் கேள்வித்தாளில், மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் உங்கள் பெயரைத் தவறாகச் சொல்கிறார், என்ன சொல்வீர்கள் என்று கேட்டிருந்தேன். ஒரு மாணவர் வெற்றிடமாக விட்டிருந்தார்; பூஜ்யம் போட்டேன். பிறகு கூப்பிட்டுக் கேட்டால், “கூட்டத்தில் அவரைத் திருத்தினால் அவருக்குச் சங்கடமாக இருக்கும் சார், கூட்டம் முடிந்ததும் தனியாகச் சொல்வேன்” என்றார். அந்த வகுப்பிலேயே இடம் பொருள் ஏவல் நன்றாகத் தெரிந்தவர் அவர். அவருக்கு நான் கொடுத்தது பூஜ்யம். அன்றிலிருந்து அந்தக் கட்டம் இல்லாமல் கேள்வித்தாள் போட்டதில்லை.

எழுதச் சொல்வதா, பேசச் சொல்வதா?

ஹவாய் பல்கலைக்கழகத்தில் தாம் ஹட்சன், எமிலி டெட்மர், ஜே.டி. பிரவுன் மூவரும் 1992லும் 1995லும் வெளியிட்ட வேலையில் ஆறு வகைத் தேர்வுகளை வடிவமைத்தார்கள். எழுத்து டி.சி.டி., விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, ஒலிப்பதிவுக் கருவியில் பேசுவது, சூழலை எதிராளியோடு நடித்துப் பேசும் ரோல் ப்ளே, அதோடு மாணவர் தன்னைத்தானே மதிப்பிடும் இரண்டு வகைகள். புதிதாகத் தொடங்குபவர் இவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

எழுத்து டி.சி.டி. மலிவானது, அறுபது பேருக்கு ஒரே மணி நேரத்தில் வைத்துவிடலாம். ஆனால் அது சொல்வது, ‘இப்படிச் சொல்ல வேண்டும் என்று மாணவருக்குத் தெரிகிறது’ என்பதை மட்டும்தான். எதிரில் ஆள் நிற்க, அவர் முகம் சுளிக்க, அந்த நொடியில் அவரால் அதைச் சொல்ல முடியுமா என்பது அதில் தெரியாது. எனவே எல்லோருக்கும் எழுத்துத் தேர்வு வைத்துவிட்டு, இரண்டு சூழல்களை மட்டும் ரோல் ப்ளேயாகச் செய்யச் சொல்லுங்கள்.

நான்கு விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் வகையைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். திருத்துவது சுலபம் என்று ஆசை காட்டும். தவறான மூன்று விடைகளை எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும்: மோசமாக எழுதினால் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள், நுட்பமாக எழுதினால் அதுவும் ஒருவகையில் சரியாகவே இருக்கும். விவரம் தெரிந்த இரண்டு ஆசிரியர்களே விடையில் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

ரோல் ப்ளே எப்படி அமைய வேண்டும் என்பதற்கு ஓ.இ.டி. பேச்சுத் தேர்வு நல்ல மாதிரி. செவிலியர், மருத்துவர் போன்ற பன்னிரண்டு தொழில்களுக்கான தேர்வு அது. இரண்டு ரோல் ப்ளே, ஒவ்வொன்றும் சுமார் 5 நிமிடம், அட்டையைப் படித்துத் தயாராக 3 நிமிடம். எதிரில் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பவர் மார்க் போடுவதில்லை. பதிவைக் கேட்டு வேறொருவர் போடுகிறார். மொழிக்கு நான்கு அளவுகோல்கள். 2018 முதல் நோயாளியோடு உறவு ஏற்படுத்திக்கொள்வது, அவர் பக்கத்தைப் புரிந்துகொள்வது போன்றவற்றுக்கு இன்னும் ஐந்து. வகுப்பறைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. எதிரில் நடிப்பவருக்கும் ஒரு அட்டை கொடுங்கள். ‘முதலில் தயங்குங்கள், காரணம் சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்’ என்று எழுதியிருந்தால் எல்லா மாணவருக்கும் ஒரே அளவு எதிர்ப்பு கிடைக்கும். மாணவரின் அனுமதியோடு செல்போனில் பதிவு செய்துகொண்டு, நடித்தவரைத் தவிர வேறொருவர் திருத்துங்கள்.

சொல்லாமல் சொல்வதைச் சோதிக்க விரும்பினால்

இது அடுத்த தேர்வுக்கானது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ் மாணவருக்கு இதை விளக்க வெளியே போக வேண்டியதே இல்லை. நன்னூல் எட்டு வகை விடைகளைச் சொல்கிறது, பள்ளியிலேயே படித்திருப்பார்கள். “இதைச் செய்வாயா?” என்றால் “நீயே செய்” என்பது ஏவல் விடை, “கை வலிக்கிறது” என்பது உற்றது உரைத்தல், “கை வலிக்கும்” என்பது உறுவது கூறல். ‘மாட்டேன்’ என்ற சொல் மூன்றிலும் இல்லை, மறுப்பு மூன்றிலும் இருக்கிறது. மொழித் தத்துவ அறிஞர் பால் கிரைஸ் 1975இல் வெளியான கட்டுரையில் ஆங்கிலத்தை வைத்து விளக்கிய உட்குறிப்பும் இதே குடும்பம்தான்.

கேள்வி அமைப்பது எளிது. ஒரு சிறு உரையாடல் எழுதுங்கள்: “நாளை மீட்டிங்குக்கு வருகிறாயா?” என்று ஆங்கிலத்தில் ஒருவர் கேட்க, மற்றவர் “ஐ ஹேவ் எ டென்டிஸ்ட் அப்பாயின்ட்மென்ட்” என்கிறார். அவர் சொல்வதன் பொருள் என்ன? இப்படிச் சூழலிலிருந்தே ஊகிக்கக்கூடியவை ஒரு வகை. “இஸ் த போப் கேத்தலிக்?” என்று எதிர்க்கேள்வியால் ‘அதிலென்ன சந்தேகம்’ என்று சொல்வதுபோன்ற வாய்பாடுகள் இன்னொரு வகை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களைச் சோதித்த லாரன்ஸ் பவுட்டன், இந்த இரண்டாம் வகை தானாகப் பிடிபடுவது கடினம், ஆனால் கற்றுக்கொடுத்தால் நன்றாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று கண்டார். கற்றுக்கொடுக்காமல் இரண்டாம் வகையைத் தேர்வில் கேட்காதீர்கள்.

யாருடைய ஆங்கிலம்?

மார்க் போடுவதற்கு முன் நீங்களும் சக ஆசிரியரும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி இது. ஓசூர் தொழிற்சாலையில் வேலைக்குச் சேரும் மாணவர், கன்னட மேலாளரை “சார்” என்று அழைப்பது முழுக்கப் பொருத்தம். அவரே மெல்போர்ன் மருத்துவமனையில் மூத்த செவிலியரை வாக்கியத்துக்கு ஒருமுறை “மேடம்” என்றால் அங்கே விலகி நிற்பதுபோல் தோன்றலாம். பொருத்தம் என்பது எதிரில் இருப்பவரைப் பொறுத்தது. அந்த எதிராளி யார் என்பதைக் கேள்வித்தாளிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

பிறகு உங்கள் சூழல்களை, அந்த எதிராளியின் உலகத்தில் பழகிய ஐந்தாறு பேரிடம் கொடுத்து விடை எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர்களாக இருக்கலாம், நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகளாக இருக்கலாம். அவர்கள் ஒரு சூழலுக்கு ஆளுக்கொரு திசையில் விடை எழுதினால் அந்தக் கேள்வியைத் தூக்கிவிடுங்கள். நன்கு பழகியவர்களே ஒத்துப்போகாத இடத்தில் மாணவருக்கு மார்க் குறைக்க நமக்கு உரிமையில்லை.

மார்க் போடுவது

ஹவாய்க் குழுவினர் ஆறு அளவுகோல்கள் வைத்தார்கள்: சரியான பேச்சுச் செயல், வழக்கமான தொடர்கள், பேச்சின் அளவு, முறைமை, நேரடித்தன்மை, பணிவு. வகுப்பறைக்கு ஆறு அதிகம். நான் மூன்று கேள்விகளாகச் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று போடுகிறேன்.

ஒன்று, சொல்ல வந்த காரியம் எதிராளிக்குப் போய்ச் சேர்ந்ததா? இரண்டு, முக்கியமான வாக்கியத்தின் வடிவம் இந்த ஆளுக்கும் இந்தச் சுமைக்கும் பொருந்துகிறதா? மூன்று, அதைத் தாங்கும் சொற்கள், அதாவது காரணம், வருத்தம், மறுக்க ஒரு வழி, அளவாக இருக்கின்றனவா? இலக்கணப் பிழைக்கு இங்கே மார்க் குறைப்பதில்லை. பிழையால் பொருளே புரியாமல் போனால் மட்டும் முதல் கேள்வியில் குறையும்.

முனைவர் மீனாவிடம் கடிதம் கேட்கும் சூழலுக்கு மூன்று விடைகளைப் பார்ப்போம்.

முதல் மாணவர்: “குட் ஆஃப்டர்நூன் மேடம். ஐ வாண்ட் எ ரெக்கமண்டேஷன் லெட்டர். கைண்ட்லி கிவ் இட் பை மண்டே. தேங்க் யூ மேடம்.” இலக்கணம் பிசகவில்லை. காரியம் சேர்ந்துவிட்டது, 2. வடிவத்துக்கு 1. “தயவுசெய்து திங்கள்கிழமைக்குள் கொடுங்கள்” என்ற தமிழ் இதில் அப்படியே தெரிகிறது. தமிழில் இது உறுத்தாது, ஏனென்றால் ‘கொடுங்கள்’ என்பதன் ‘ங்கள்’ மரியாதையைச் சுமந்துகொண்டு போகிறது. ஆங்கில வினைச்சொல்லுக்கு அந்த விகுதி கிடையாது. ‘கிவ்’ என்றால் அது வெறும் ‘கொடு’. முன்னால் ‘கைண்ட்லி’ போட்டாலும் ஏவல் ஏவல்தான். நாம் விகுதியில் வைக்கும் மரியாதையை ஆங்கிலம் கேள்வி வடிவத்திலும், ‘இஃப்’ என்ற ஐயத்திலும், “ஐ வாஸ் வொண்டரிங்” என்று இறந்தகாலத்துக்கு நகர்த்துவதிலும் வைக்கிறது. தாங்கும் சொற்களுக்கு 0. காரணமும் இல்லை, முடியாது என்று சொல்ல அவருக்கு வழியும் இல்லை. மொத்தம் 3.

இரண்டாம் மாணவி: “மேடம், சாரி டு டிஸ்டர்ப் யூ. ஐ ஆம் அப்ளையிங் ஃபார் எம்.எஸ்ஸி. அண்ட் லாஸ்ட் டேட் இஸ் மண்டே. ஐ நோ இட் இஸ் வெரி லேட். இஃப் யூ ஹேவ் டைம், குட் யூ ரைட் ரெக்கமண்டேஷன் லெட்டர் ஃபார் மீ?” இரண்டு இடத்தில் ஆர்ட்டிகிள் இல்லை. மற்றபடி எல்லாம் இருக்கிறது: காரணம், தாமதத்தை ஒப்புக்கொள்வது, மறுக்க வழி, கேள்வி வடிவம். 6க்கு 6. இந்த விடைக்கு முழு மார்க் கொடுக்கக் கை வரவில்லை என்றால், நீங்கள் இன்னும் இலக்கணத்தைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

மூன்றாம் மாணவர் ஒரு பத்தி எழுதினார். மேடத்தின் உடல்நலம் விசாரித்து, போன ஆண்டு வகுப்பைப் புகழ்ந்து, நான்கு முறை மன்னிப்புக் கேட்டு, கடைசி அரை வரியில் கடிதம் பற்றிக் குறிப்பிட்டார். இப்படிச் சொற்கள் மிகுந்து போவது மொழி கற்பவர்களிடம் பொதுவாகக் காண்பதுதான். ப்ளம்-குல்காவும் எலீட் ஓல்ஷ்டைனும் 1986லேயே இதைக் காட்டியிருக்கிறார்கள். காரியத்துக்கு 1, ஏனென்றால் அறைக்குப் போய்க்கொண்டிருப்பவர் அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வடிவத்துக்கு 2. அளவுக்கு 1. மொத்தம் 4. இவருக்குச் சூழல் தெரியும், பணிவு தெரியும். எங்கே நிறுத்துவது என்பதுதான் பாடம்.

இரண்டு பேர் திருத்துங்கள்

ஒருவர் மட்டும் திருத்தினால் அவருடைய சொந்த ரசனைக்குத்தான் மார்க் விழும். திருத்தத் தொடங்குமுன் பத்து விடைத்தாள்களை இருவரும் தனித்தனியாகத் திருத்தி ஒப்பிடுங்கள். மொத்தத்தில் 1 மார்க் வித்தியாசம் பரவாயில்லை. 2க்கு மேல் போனால் நிறுத்திப் பேசுங்கள், யார் சரி என்று முடிவு செய்ய அவசரப்படாதீர்கள். எதனால் குறைத்தீர்கள் என்று இருவரும் ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். ஒருமுறை என் சக ஆசிரியர் ஒரு விடைக்கு 2தான் போட்டிருந்தார், நான் 5. பேசியபோது, ‘டிஸ்கஸ் அபவுட்’ என்ற இலக்கணப் பிழை அவர் கண்ணில் குத்தியிருந்தது தெரிந்தது. மீதி விடையை அவர் படித்த விதத்தையே அது மாற்றிவிட்டது.

இது அவர் ஒருவரின் பழக்கம் மட்டும் இல்லை. கேத்லீன் பார்டோவி-ஹார்லிக்கும் ஜோல்டான் டோர்னியேவும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஹங்கேரியில் வகுப்பறையில் ஆங்கிலம் படித்தவர்களுக்கு இலக்கணப் பிழையே பெரிதாகப் பட்டது. அமெரிக்காவில் வாழ்ந்து படித்தவர்களுக்குப் பொருத்தப் பிழையே பெரிதாகப் பட்டது. நாமும் வகுப்பறையில் ஆங்கிலம் கற்றவர்கள். எனவே முதல் வாசிப்பில் சிவப்புப் பேனாவைக் கையில் எடுக்காதீர்கள். விடையை முனைவர் மீனாவாக இருந்து ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், பிறகு மார்க் போடுங்கள்.

ஒத்துப்போன விடைத்தாள்களில் 6க்கு ஒன்று, 4க்கு ஒன்று, 2க்கு ஒன்று என்று எடுத்துப் பெயரை மறைத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு புதிதாகத் திருத்த வருபவருக்கு அளவுகோலை விளக்குவதைவிட அந்த மூன்று தாள்களைக் காட்டுவது வேகமாக வேலை செய்யும்.

திருப்பிக் கொடுக்கும்போது

மொத்த மார்க்கை மட்டும் எழுதிக் கொடுத்தால் மாணவருக்கு ஒன்றும் புரியாது. மூன்று எண்களையும் தனித்தனியாக எழுதுங்கள். வடிவத்தில் மார்க் குறைந்தவரைக் கூப்பிட்டு, “இதையே தமிழில் எப்படிக் கேட்டிருப்பாய்?” என்று கேளுங்கள். தமிழில் பணிவாக, அளவாகக் கேட்கிறார் என்றால் அவருக்கு இடம் தெரியும், ஆங்கில வடிவம்தான் வேண்டும். நான்கு வாக்கிய வடிவங்கள் கொடுத்து அடுத்த வாரம் அதே சூழலை மறுபடி எழுதச் சொல்லுங்கள். தமிழிலும் அதே வேகத்தில் கேட்கிறார் என்றால், முனைவர் மீனாவின் வெள்ளிக்கிழமை மதியம் எப்படி இருக்கும் என்று அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். இந்த இரண்டாவது உரையாடலுக்குப் பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள், கூடவே மற்ற மாணவர்கள் இல்லாத நேரமாகப் பாருங்கள்.